ஐம்பத்திரண்டு கவிதைகளும் மூன்று ஆசியுரைகளும்

வருஷத்துக்கு ஒருமுறை தனுஷ்கோடி மணலில் நின்று என் மனைவி ஸ்டெல்லா கடலுக்கு அப்பால் கையை நீட்டி, "அங்க தெரியுது பாருங்கோ, அதுதான் எங்கட ஊர்" என்பாள். நான் திருச்சியில் இருபத்தெட்டு வருஷமாக மூக்குக் கண்ணாடிக் கடை வைத்திருப்பவன். யாருக்கு எவ்வளவு தூரம் தெரியும் என்று சோதித்துச் சொல்வதுதான் என் பிழைப்பு. அங்கே தண்ணீரைத் தவிர ஒன்றும் தெரியாது. ஆனாலும் "ஆமா, தெரியுது" என்பேன். கல்யாணமான நாளிலிருந்து எங்கள் குடும்பம் இப்படித்தான் ஓடுகிறது.

ஸ்டெல்லா இலங்கையில் மன்னார்த் தீவிலுள்ள பேசாலையில் பிறந்தவள். பதினாலு வயதில் சண்டைக்குப் பயந்து வீட்டாரோடு படகேறி வந்து, முகாமில் பெயர் பதிந்து, பிறகு திருச்சிக்கு வந்து என்னைக் கட்டிக்கொண்டாள். இன்றுவரை அவளிடம் பாஸ்போர்ட் கிடையாது. ஊருக்குப் போவதற்கு ஏதோ வழி இருக்கிறதாம். போனால் திரும்பி வர விடுவார்களா என்று கேட்டால் எந்த அதிகாரியும் வாயைத் திறப்பதில்லை. அதனால் அவள் போவதில்லை, கவிதை எழுதுவாள். எழுதியதை என்னிடம் நீட்டுவாள். நான் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு தாளை மேலிருந்து கீழ்வரை பார்த்து, "நல்லா இருக்கு" என்பேன். ஒரு வரிகூடப் படித்ததில்லை. எனக்குக் கவிதை என்றாலே கொட்டாவி வரும். இதை இங்கேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன், ஏனென்றால் இந்தப் பயணத்தின் தொல்லையெல்லாம் அதில்தான் ஆரம்பம்.

அந்தக் கவிதைகள் ஐம்பத்திரண்டு சேர்ந்ததும், அவை பிறந்த ஊரில்தான் அச்சாக வேண்டும் என்று ஸ்டெல்லா பிடிவாதம் பிடித்தாள். பேசாலையில் அருளப்பு என்பவர் சின்னதாக ஒரு அச்சகம் வைத்திருக்கிறார். திருமண அழைப்பிதழும் கோயில் நோட்டீசும் அடிப்பது தொழில். வருஷத்துக்கு ஒரு கவிதைப் புத்தகம் போடுவது அவருடைய சொந்த ஆசை. அவர் சம்மதித்து, வெளியீட்டு விழாவுக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமையும் குறித்துவிட்டார். கூட இருந்து கவனிக்க ஒரு ஆள் வேண்டும் என்றார். அந்த ஆள் நான்.

"ஐம்பத்திரண்டும் வரவேணும். ஒண்டு குறைஞ்சாலும் நீங்கள் அங்கயே இருந்துகொள்ளுங்கோ" என்று சொல்லி வழியனுப்பினாள். போகிற இடத்துக்கு வெறுங்கையோடு போகக்கூடாதே என்று, கடையிலிருந்து ரெடிமேட் படிப்புக் கண்ணாடிகள் பத்தைப் பையில் போட்டுக்கொண்டேன். பெரிய புத்திசாலித்தனம் செய்துவிட்டதாக அப்போது நினைப்பு.

விழாவுக்கு ஒரு வாரம் முன்னதாக, கொழும்புவரை விமானம், பிறகு பேருந்து என்று வந்து ஞாயிறு பிற்பகல் பேசாலையில் இறங்கினேன். ஆடிக் காற்று மணலை வாரி முகத்தில் அடித்தது. இந்தத் தீவில் கழுதைகளுக்குத்தான் முதல் மரியாதை. நாலு கழுதைகள் நடுரோட்டில் நின்றுகொண்டிருக்க, பேருந்து ஹாரன்கூட அடிக்காமல் காத்திருந்தது. எங்கள் ஊர் ஓட்டுநராக இருந்தால் கழுதையின் பரம்பரையையே இழுத்திருப்பார். அச்சகத்து வாசலில் ஒரு கழுதை சுவரோடு ஒட்டி நின்று எதையோ மென்றுகொண்டிருந்தது. கிட்டப் போய்ப் பார்த்தேன், ஸ்டெல்லாவின் வெளியீட்டு விழா நோட்டீஸ். 'கவிஞர் ஸ்டெல்' வரை மிச்சமிருந்தது.

"பசை கோதுமை மாவில காய்ச்சுறது, அதுதான்" என்று சிரித்துக்கொண்டே அருளப்பு வெளியே வந்தார். அறுபது வயது, குள்ளமான மனிதர், விரல் நுனியெல்லாம் மை. அவர் மனைவி றீற்றா கணினியில் எழுத்துக் கோக்கிறவர். என்னைக் கண்டதும் அந்த அம்மாள் வாயைப் பொத்திக்கொண்டு சிரிக்க ஆரம்பித்தார். "இவர்தானோ அவர்?" என்று கணவரிடம் கேட்டுவிட்டு இன்னும் கொஞ்சம் சிரித்தார். என் சட்டைப் பொத்தானைச் சரிபார்த்துக்கொண்டேன். ஒன்றும் குறைவில்லை. அதற்குள் நண்டுக் கறியும் இடியப்பமும் வந்துவிட்டதால் விசாரணையைத் தள்ளிவைத்தேன்.

சாப்பிட்டு முடித்ததும் அருளப்பு விஷயத்துக்கு வந்தார்.

"எல்லாம் ரெடி. இனி ஆசியுரைதான் வாங்கவேணும். மூண்டு."

"எதுக்கு மூணு?"

"இஞ்ச எந்தப் புத்தகம் வந்தாலும் ஒரு கத்தோலிக்கச் சுவாமியார், ஒரு சைவப் பெரியவர், ஒரு முஸ்லிம் பெரியவர், மூண்டு பேரிட்டையும் வாங்கித்தான் போடுறது. ஒராளிட்ட வாங்கி மற்றாளை விட்டிட்டால், நீங்கள் திருச்சிக்குப் போயிடுவியள். நான் இஞ்ச இருக்கவேணுமெல்லே?"

"போன்ல கேட்டுக்கலாமே" என்றேன்.

"ஆசியைப் போனில வாங்கேலாது. நேர போகவேணும். ஸ்டெல்லாவைத் தெரிஞ்ச ஆக்களாப் பாத்து வைச்சிருக்கிறன்."

"சரி, ஆளுக்கு ஒரு பக்கம்னு சொல்லிடலாம் இல்ல?"

அருளப்பு காதைப் பொத்திக்கொண்டார். "சீச்சீ! ஆசிக்கு அளவு சொல்லுறதோ? அவையளாத் தாறதைக் கைநீட்டி வாங்கவேணும். எல்லாரும் ஒரு பக்கந்தான் எழுதுவினம். பயப்பிடாதேங்கோ."

மறுநாள் திங்கட்கிழமை திருக்கேதீஸ்வரம். கோயிலுக்குப் பக்கத்தில் சிவகுரு மாஸ்டர் வீடு. அந்தக் காலத்தில் பேசாலைப் பள்ளிக்கூடத்தில் ஸ்டெல்லாவுக்குக் கணக்குச் சொல்லிக்கொடுத்தவர். பேருந்து என்னைத் தவறான சந்தியில் இறக்கிவிட்டதால் மூன்று கிலோமீட்டர் வெயிலில் நடந்து, கோயில் கிணற்றில் முகம் கழுவிக்கொண்டு போய்ச் சேர்ந்தேன். மாஸ்டரின் கண்ணாடியில் ஒரு காது இல்லை. அந்த இடத்தில் நூல் கட்டியிருந்தார். கண்ணாடியை முதலில் பார்த்த பிறகுதான் எனக்கு ஆளின் முகமே தெரியும். தொழில் பழக்கம்.

"பேசாலை ஸ்டெல்லாவோ? கடைசிப் பரீட்சையில கணக்குக்குப் பதினேழு மார்க்ஸ்" என்றார் மாஸ்டர், ஏதோ நேற்று விடைத்தாள் திருத்தியவர்போல. ஐம்பத்திரண்டு கவிதைகளின் பிரதியை வாங்கித் தூக்கிப் பார்த்தார். "மிச்ச எண்பத்திமூண்டையும் இப்பதான் எடுத்திருக்கிறா."

எனக்கு அவரைப் பிடித்துப்போயிற்று. பையிலிருந்து ஒரு கண்ணாடியை எடுத்து, அவர் மூக்குக்கு ஏற்றபடி வளைத்து மாட்டிவிட்டேன். மாஸ்டர் சுவரில் தொங்கிய நாட்காட்டியிடம் போனார். "எணேய், இஞ்ச வா! ராகுகாலம் எழுதினது தெரியுது! கீழ அச்சடிச்சவன்ர பேரும் தெரியுது!" என்று சமையலறைப் பக்கம் பார்த்துக் கூவினார். அவர் மனைவி கரண்டியோடு வந்து, அப்படியானால் இனிமேல் அரிசியில் கல் பொறுக்கலாம் என்று மட்டும் சொன்னார்.

கத்தரிக்காய்க் குழம்பு, முருங்கைக்காய்ப் பால்கறி, பப்படம். சாம்பார் என்று ஒரு பொருள் உலகத்தில் இருப்பதையே இந்த ஊர் கண்டுகொள்ளவில்லை. நாலு நாளில் நானும் மறந்துவிட்டேன். சாப்பாடு முடிந்ததும் மாஸ்டர் எழுத உட்கார்ந்தார். புதுக் கண்ணாடி தந்த உற்சாகம், பேனா நிற்கவே இல்லை. மூன்று மணிக்கு ஐந்தாவது பக்கம் போய்க்கொண்டிருந்தது. ஐந்து மணிக்கு என் கையில் ஏழு பக்கம் இருந்தது. அதில் ஒரு பக்கத்தில் முக்கோணம் ஒன்று படமாகவே வரைந்திருந்தார். கவிதைக்கும் அதற்கும் உள்ள சம்பந்தத்தை விளக்கினார். நான் வழக்கம்போல "ஆமா" என்றேன்.

செவ்வாய்க்கிழமை சிலாவத்துறை. போகிற வழியில் பேருந்தின் டயர் வெடித்தது. மாற்று டயரும் வெடித்த டயர்தான் என்பது அதை இறக்கிய பிறகுதான் நடத்துநருக்குத் தெரிந்தது. பயணிகள் யாரும் சத்தம் போடவில்லை. பாதிப் பேர் மரத்தடிக்குப் போனார்கள். எனக்குப் பக்கத்தில் நின்ற ஒரு சிங்களப் பெண் தன் கணவரிடம் ஏதோ சொல்ல, இன்னொருவர் எனக்கு அதைத் தமிழில் சொன்னார். "இந்த மனிசன் பையைக் கீழ வைக்கவே இல்லை, உள்ளுக்கு மாதா சுருவம் இருக்கோ எண்டு கேக்கிறா." சுருவம் என்றால் சிலை. மனைவி எழுதிய கவிதைகள் என்றேன். அது சிங்களத்துக்குப் போனதும், அந்தப் பெண் என்னை விட்டுவிட்டுத் தன் கணவரை ஏற இறங்கப் பார்த்தார். பிறகு நீளமாக ஒரு வசனம் பேசினார். அதை மொழிபெயர்க்க நம்மாள் மறுத்துவிட்டார்.

சிலாவத்துறை ஹாஜியாருக்கு எண்பது வயதுக்கு மேல். முன்பு மன்னார் பட்டினத்தில் கடை வைத்திருந்தவர். ஸ்டெல்லா முதல் கவிதை எழுதிய நோட்டுப் புத்தகம் அவர் கடையில் சும்மா கொடுத்தது.

"கொப்பி வாங்க வருவா. கையில காசு இருக்காது, கொப்பியைத் தடவிப் பாத்திட்டு வைச்சிட்டுப் போவா. எனக்குப் பொறுக்கல்ல, ஒரு நாள் எடுத்துக் குடுத்தன்" என்றார். "வாங்க மருமகன். சாப்பிடாம நான் ஒரு சொல்லும் சொல்ல மாட்டன்."

சாப்பிட்டேன். மாட்டிறைச்சி, மீன், பிறகு இனிப்புக்கு ஒரு தட்டு வட்டிலப்பம். அதற்குப் பிறகு அவர் எதைச் சொன்னாலும் கேட்கிற நிலையில் இருந்தேன். கை நடுங்குவதால் அவரால் எழுத முடியாது. அவர் சொல்லச் சொல்ல நான் எழுத வேண்டும். நான் கொடுத்த கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, என் கையெழுத்தை ஒருமுறை பார்த்துவிட்டு, "அல்லாஹ்வே" என்றார்.

பிறகு சொல்லத் தொடங்கினார். கடை, கொப்பி, கடல், எல்லாம். "சண்டை வந்திச்சு. அவ இந்தியாவுக்குப் போனா. எங்களையும் ஊரை விட்டு அனுப்பினாங்க, நாங்க புத்தளத்துக்குப் போனம். ஊர்ல நண்டு மட்டுந்தான் இருந்திச்சு. நாங்க திரும்பி வந்தம், நண்டு கொழுத்துப் போய் இருந்திச்சு." சொல்லிவிட்டுச் சிரித்தார். எழுதிக்கொண்டிருந்த நான் சிரிக்கவில்லை. "இதையும் எழுதணுமா?" என்று கேட்டேன். "நண்டை விட்டுராதீங்க மருமகன்" என்றார். அது ஆறு பக்கம் வந்தது.

திரும்ப பேருந்து இல்லை. ஐஸ் பெட்டிகளோடு மீன் ஏற்றிப் போகும் லொறியில் இடம் கிடைத்தது. அறுக்குளா மீன்களுக்கு நடுவே இரண்டு ஆசியுரைகளையும் மார்போடு அணைத்துக்கொண்டு வந்தேன்.

புதன்கிழமை மடு. அன்று திருவிழா. காட்டுக்கு நடுவில் மாதா கோயில், அதைச் சுற்றி ஒவ்வொரு மரத்தடியிலும் ஒரு குடும்பம் பாயும் சட்டியுமாக இருந்தது. தமிழும் சிங்களமும் ஒரே அடுப்பில் வெந்துகொண்டிருந்தன. நான் தேடிப் போன சுவாமியார் ஸ்டெல்லாவுக்கு ஞானோபதேசம் சொல்லிக்கொடுத்தவர், இப்போது ஓய்வு பெற்றவர். செய்த பாவத்தை ஒப்புக்கொள்ள வருகிறவர்களின் பாவசங்கீர்த்தனம் கேட்டுக்கொண்டு மரத்தடியில் நாற்காலியில் இருக்கிறார் என்றார்கள். அவரைப் பார்க்க ஒரே வழி அந்த வரிசையில் நிற்பதுதான். சமயபுரம் மாரியம்மன் கோயில் வரிசையைத் தவிர எதிலும் நிற்காதவன் ஒன்றரை மணி நேரம் நின்றேன். எனக்கு முன்னால் நின்றவர் அத்தனை நேரமும் விரல் விட்டு எண்ணிக்கொண்டே இருந்தார்.

என் முறை வந்தது. முழங்கால் போடத்தான் வேண்டும்போலிருந்தது. போட்டேன். சுவாமியார் கண்ணை மூடிக்கொண்டே மூக்கைச் சுளித்தார்.

"கடலால வாறீரோ?"

"இல்ல ஃபாதர், நேத்து மீன் லாரியில வந்தேன். நான் ஒரு கவிதை விஷயமா வந்திருக்கேன்."

"கவிதை எழுதினீரோ? அது பெரிய பாவமில்லை, சொல்லும்."

நான் எழுதவில்லை, மனைவி எழுதினாள் என்று விளக்கினேன். அவர் கண்ணைத் திறந்தார். ஸ்டெல்லா என்ற பெயரைக் கேட்டதும் முகமே மாறிவிட்டது. சாவகச்சேரி மாம்பழம் ஒன்றைத் திருடியதற்காக அவள் ஒன்பது வயதில் இவருடைய வகுப்பில் ஒரு மணி நேரம் அழுதாளாம்.

"அப்ப நீர்தான் ஸ்டெல்லாவின்ர மனிசன். எத்தினை கவிதை?"

"ஐம்பத்திரண்டு ஃபாதர்."

"நீர் எல்லாம் வாசிச்சனீரோ?"

பொய் சொல்வதற்கு உலகத்திலேயே மோசமான இடம் அதுதான். முழங்காலில் மணல் குத்தியது. பின்னால் இருநூறு பேர் நின்றார்கள். "வாசிச்சேன் ஃபாதர்" என்றேன். அவர் என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு, "பின்னேரம் வாரும்" என்றார். பின்னேரம் போனபோது ஐந்து பக்கம் எழுதி வைத்திருந்தார். கடவுள் உலகத்தைப் படைத்ததிலிருந்து ஆரம்பித்து, நாலாம் பக்கத்தில் பேசாலைக்கு வந்து சேர்ந்திருந்தார். அவருக்கும் ஒரு கண்ணாடி கொடுத்தேன். மூன்று ஆசியுரைகளும் கையில் இருந்தன. வேலை முடிந்துவிட்டது என்று நினைத்துக்கொண்டு, கூட்டம் பிதுங்கிய பேருந்தில் ஒற்றைக் காலில் நின்றபடி சந்தோஷமாக ஊர் திரும்பினேன்.

வியாழக்கிழமை காலை அருளப்பு பக்கங்களை எண்ணினார். இரண்டாம் தடவையும் எண்ணினார். பிறகு ஸ்டூலில் உட்கார்ந்தார்.

அவர் விளக்கியது இது. ஒரு பெரிய தாளில் பதினாறு பக்கம் அடிக்கலாம். அதை ஃபோம் என்பார்கள். திருவிழாவுக்குச் செபப் புத்தகம் அடித்ததில் கடதாசி தீர்ந்து, நாலு ஃபோமுக்குத்தான் மிச்சம் இருக்கிறது. கொழும்பிலிருந்து லொறி வர இன்னும் பத்து நாள் ஆகும். ஆக மொத்தம் அறுபத்துநாலு பக்கம். கவிதைக்கு ஐம்பத்திரண்டு, தலைப்பு பொருளடக்கம் எல்லாம் சேர்த்து ஆறு, அருளப்புவின் பதிப்புரை இரண்டு. ஆசியுரைக்கு மூன்று போதும் என்று கணக்குப் போட்டிருந்தார். வந்திருப்பதோ பதினெட்டு.

"பதினாலு கவிதை வெளிய போகவேணும்" என்றார்.

"ஆசியுரையைக் குறைச்சுட்டா?"

"எந்தப் பெரியவரிட்ட போய்ச் சொல்லப்போறியள்? உங்கட ஆசி கூடிப்போச்சு எண்டோ?" அருளப்பு ஸ்டூலை விட்டே எழுந்துவிட்டார். "கவிதையைக் குறைச்சா உங்கட மனிசி ஒராளுக்குத்தான் கோவம். நாளைக்கு விடிய அச்சுத் தகடு போடவேணும். எந்தப் பதினாலு எண்டு நீங்களே பாத்துச் சொல்லுங்கோ."

அவர் பதறுவதில் அர்த்தம் இருந்தது. பாஸ்போர்ட் இல்லாத ஒருத்தி தனக்குப் பதிலாக ஐம்பத்திரண்டு பேரை ஊருக்கு அனுப்பியிருக்கிறாள். அதில் பதினாலு பேரை நான் கடலில் தள்ள வேண்டும். அப்போது போன் அடித்தது. "ஐம்பத்திரண்டும் சரியா வந்திட்டுதோ?" என்றாள் ஸ்டெல்லா. "ஆமா" என்றேன்.

மதியச் சாப்பாட்டுக்கு அச்சகத்தைச் சாத்தினார்கள். கட்டிய தாள் ரீம்களுக்கு நடுவே நான் மட்டும் உட்கார்ந்து, வாழ்க்கையில் முதல் தடவையாக என் மனைவியின் கவிதைகளைப் படிக்க ஆரம்பித்தேன். கையில் சிவப்பு பென்சில். மோசமான பதினாலைச் சுழிப்பது என் திட்டம்.

முதலாவது, கழுதைகளைப் பற்றியது. சிரித்துவிட்டேன், அதனால் சுழிக்கவில்லை. மூன்றாவதில் முகாமில் அரிசி வாங்கும் வரிசையில் வயதைக் கூட்டிச் சொன்ன ஒரு பெண் வந்தாள். ஏழாவதில் என் கடை இருந்தது. முதன்முதலாகக் கண்ணாடி போட்ட ஒரு கிழவர் வாசலில் நின்று தெருவிடம் 'இத்தனை நாள் எங்கே இருந்தாய்' என்று கேட்கிறார். அந்தக் கிழவரை நான் மறந்தே போயிருந்தேன். இருபதாவது தனுஷ்கோடி. அதில், 'அங்கே ஒன்றும் தெரியாது, எனக்கும் தெரியாது, தெரிகிறது என்று சொல்ல ஒரு ஆள் பக்கத்தில் நிற்கிறார்' என்று எழுதியிருந்தாள். பென்சிலைக் கீழே வைத்தேன். வருஷா வருஷம் பேருந்துக் கட்டணம் கொடுத்துப் போய் இரண்டு பேரும் ஒருவரையொருவர் ஏமாற்றிக்கொண்டிருந்திருக்கிறோம். கண் கலங்கியது. மணல் என்று சொல்ல அங்கே யாரும் இல்லை.

முப்பத்தொன்றாவது கவிதைக்குத் தலைப்பு 'வாசகர்'.

இன்று வெறும் தாளைக் கொடுத்தேன்.
கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு
மேலிருந்து கீழ்வரை பார்த்தார்.
நல்லா இருக்கு என்றார்.
எனக்கும் அப்படித்தான் தோன்றியது.

காது மடல் வரைக்கும் சூடேறியது. எப்போது கொடுத்தாள்? எந்த வருஷம்? நினைவே இல்லை. இப்படி ஒரு திருட்டைக் கையும் களவுமாகப் பிடித்துவிட்டு, என்னிடம் ஒரு வார்த்தை சொல்லாமல், சாயங்காலம் காபி வேறு போட்டுக் கொடுத்திருக்கிறாள்.

"முப்பத்தொண்டுக்கு வந்திட்டியள்போல" என்றது ஒரு குரல். றீற்றா அம்மாள் தேத்தண்ணியோடு நின்றுகொண்டிருந்தார். "நான் ஐம்பத்திரண்டையும் தட்டினனான். இதைத் தட்டேக்க சிரிச்சு, ரெண்டு தரம் பிழையாத் தட்டிப்போட்டன். அதுதான் அண்டைக்கு உங்களைக் கண்டவுடன…" மறுபடியும் வாயைப் பொத்திக்கொண்டார்.

"இதை வேணுமெண்டால் எடுத்திடலாம். ஒருத்தருக்கும் தெரியாது" என்றார் பிறகு.

ஒரு நிமிஷம் ஆசையாகத்தான் இருந்தது, பொய் சொல்வானேன். ஆனால் பதினாலில் ஒன்றாக இதை எடுத்தால் இன்னும் பதின்மூன்று எடுக்க வேண்டும். மீதியையும் படித்து முடித்தேன். ஒன்றைக்கூடச் சுழிக்க முடியவில்லை. அப்போதுதான் எனக்குத் தெரிந்த ஒரே வித்தை ஞாபகத்துக்கு வந்தது. கடையில் கிட்டத்துப் பார்வை சோதிக்க ஒரு அட்டை வைத்திருக்கிறேன். அதன் கடைசி வரி, நாற்பது வயதைத் தாண்டிய யாரும் கண்ணாடி இல்லாமல் படிக்க முடியாத வரி.

"எழுத்தை எவ்வளவு சின்னதாக்க முடியும்?" என்று கேட்டேன்.

றீற்றா அம்மாள் புரிந்துகொண்டார். ஆசியுரைகளை மட்டும் ஆறு பொயின்ற் அளவுப் பொடி எழுத்துக்குச் சுருக்கினார். ஒரு வரியும் விடாமல், முக்கோணத்தையும் நண்டையும் சேர்த்துப் பதினெட்டுப் பக்கமும் ஐந்து பக்கத்துக்குள் அடங்கின. அப்படியும் ஒரு பக்கம் அதிகமாக இருந்தது. சாப்பிட்டுவிட்டு வந்த அருளப்பு எல்லாவற்றையும் பார்த்துத் தலையைச் சொறிந்தார். "என்ர பதிப்புரையை எடுங்கோ. ஒவ்வொரு புத்தகத்திலயும் அதைத்தானே மாத்தி மாத்திப் போடுறன்" என்றார். இத்தனை நாள் பழகியதில் அவர் செய்த பெரிய காரியம் அதுதான். இப்போது கடைசியில் ஒரு பக்கம் சும்மா கிடந்தது. அதில் அச்சக விளம்பரம் போட அவருக்கு ஆசை. அந்த ஒரு பக்கத்தை மட்டும் எனக்குத் தாருங்கள், எதுவும் அடிக்க வேண்டாம் என்று கேட்டுக்கொண்டேன். ஏன் என்று அவர் கேட்டார். றீற்றா அம்மாள் கேட்கவில்லை.

வெள்ளி அடித்து, சனி தைத்து, ஞாயிறு பின்னேரம் பேசாலை மண்டபத்தில் வெளியீடு. மேடையில் மூன்று பெரியவர்களும் உட்கார்ந்தார்கள். புத்தகத்தைக் கையில் கொடுத்தபோதுதான் எனக்கு உறைத்தது. ஆறு பொயின்ற் எழுத்தைப் படிக்கத் தோதான கண்ணாடியை மூன்று பேருக்கும் நானே கொண்டுபோய்க் கொடுத்திருக்கிறேன்.

ஹாஜியார் தன் கண்ணாடியை வீட்டில் வைத்துவிட்டு வந்திருந்தார். தப்பினேன். மாஸ்டர் தன்னுடையதை எடுத்து மாட்டினார். "எழுத்துச் சின்னன். எண்டாலும் எனக்குத் தெளிவாத் தெரியுது" என்று ஒலிபெருக்கியில் பெருமையாக அறிவித்துவிட்டு, அதை நிரூபிக்க ஏழு பக்கத்தையும் வாசித்தார். முக்கோணம் வந்த இடத்தில் அதைக் கையால் காற்றில் வரைந்து காட்டினார். முன்வரிசையில் ஒருவர் குறட்டை விட்டார். நான் செய்த வேலைக்கு நானே முக்கால் மணி நேரம் அனுபவித்தேன்.

ஏற்புரை ஸ்டெல்லா. திருச்சியிலிருந்து போனில் பேச, அருளப்பு போனை ஒலிபெருக்கியிடம் பிடித்தார். "என்ர ஊர்ச் சனத்துக்கு வணக்கம்" என்றாள். பின்வரிசையில் இரண்டு பெண்கள், அவளோடு படித்தவர்களாம், எழுந்தே நின்றுவிட்டார்கள். அவள் அடுத்த வாக்கியத்துக்கு மூச்சு இழுக்கும் சத்தம் கேட்டது. அதோடு இணைப்பு அறுந்தது. எத்தனை தரம் அழைத்தும் கிடைக்கவில்லை. எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். எனக்கு மேடைப் பேச்சு வராது. ஒலிபெருக்கிக்கு முன்னால் போய், "நான் அவங்க வீட்டுக்காரர். ஐம்பத்திரண்டையும் படிச்சிருக்கேன்" என்று மட்டும் சொன்னேன். கடைசி வரிசையிலிருந்து றீற்றா அம்மாளின் சிரிப்பு கேட்டது. பிறகு அவர்தான் முதலில் கை தட்டினார்.

இறங்கி வரும்போது சுவாமியார் என் தோளைத் தொட்டார். புத்தகத்தின் பொடி எழுத்துப் பக்கத்தை விரலால் பிடித்திருந்தார்.

"என்ர அஞ்சு பக்கத்தையும் எறும்பாக்கிப் போட்டீர்."

"மன்னிச்சுக்குங்க ஃபாதர். எல்லாக் கவிதையும் வரணும்னு…"

"இப்பவெண்டாலும் வாசிச்சீரோ?"

"வாசிச்சேன் ஃபாதர். வியாழக்கிழமை மத்தியானம்."

"அப்ப சரி" என்று சொல்லிவிட்டு அவர் வடையும் பிளேன் டீயும் இருந்த மேசையை நோக்கி நடந்தார்.

வீட்டுக்கு வந்து சேர்ந்ததும் ஸ்டெல்லா பையைத்தான் முதலில் வாங்கினாள். புத்தகத்தை முகர்ந்து பார்த்தாள். மீன் வாசம் அடிக்கிறது என்றாள், சந்தோஷமாகத்தான். பிறகு தரையில் உட்கார்ந்து ஒவ்வொரு பக்கமாக விரல் வைத்து எண்ணினாள். நான் செருப்பைக்கூடக் கழற்றாமல் நின்றேன். முப்பத்தொன்றாம் கவிதை வந்தபோது அவள் நிமிரவில்லை, ஆனால் விரல் கொஞ்ச நேரம் அங்கேயே நின்றது. ஐம்பத்திரண்டில் முடித்தாள். இன்னும் ஒரு தாளைப் புரட்டினாள்.

"இதென்ன, கடைசிப் பக்கத்தில ஒண்டுமில்லை?"

"அது நான் எழுதினது" என்றேன்.

ஸ்டெல்லா கண்ணாடியைக் கழற்றிச் சேலைத் தலைப்பில் துடைத்துப் போட்டுக்கொண்டாள். அந்தப் பக்கத்தை மேலிருந்து கீழ்வரை, அவசரமே இல்லாமல் பார்த்தாள்.

"நல்லா இருக்கு" என்றாள்.